கழன்ற நகங்கள் வந்து சேர்ந்த கை

நகக்காரி ஜெல் பூசி ஒட்டிவிட்ட அலங்கார நகங்கள் கழன்றால் விழுந்த இடத்தில் கிடப்பதில்லை; நடந்து அவள் வீட்டுக்கு வந்துவிடும். முதலில் வந்தது வங்கிக் காசாளரின் மோதிரவிரல் நகம், கருஞ்சிவப்பு. அவள் கடை ஷட்டரைத் தூக்கும்போது அது மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. நகம் நடக்கிறதே என்று அல்ல, ஒட்டி ஒரு வாரம்கூட ஆகாமல் கழன்றுவிட்டதே என்று.

கடைக்கு மேலேதான் வீடு. அங்கே அவள் கணவர் இருந்தார், ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் கால் தப்பியது, பேச்சு தப்பியது, வலது கை மட்டும் வைத்த இடத்திலேயே கிடந்தது. மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவள் விடவில்லை. தினமும் காலையில் அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு, விரல் விரலாக எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுத்தான் கீழே இறங்குவாள். கடை ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அந்தக் கடையைத்தான் இப்போது நகங்கள் கவிழ்க்கப் பார்த்தன.

வந்த நகங்கள் கதவிடுக்கில் நுழைந்து, கட்டில் காலில் ஏறி, லாரிக்காரரின் செத்த கைக்குப் பக்கத்தில் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். “உன் கஸ்டமருங்க வந்துட்டாங்கம்மா” என்பார் அவர். அவள் கடுகடுவென்று கூட்டி அள்ளுவாள். ஒருநாள் அவர், “கொஞ்ச நேரம் இருக்கட்டும் விடு. அதுங்க பக்கத்துல இருந்தா சுண்டுவிரல் லேசா குறுகுறுங்குது” என்றார். அவள் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

அவள் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஜெல்லைத் தடிமனாகப் பூசியதுதான் தப்போ என்று மெல்லிய பூச்சாகப் பூசினாள். நகத்தின் மேல் படர்ந்திருக்கும் சவ்வை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுத்தாள். ஓரத் தோலில் ஜெல் பட்டால் அங்கிருந்துதான் பெயரத் தொடங்கும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரம் விட்டுப் பூசினாள். ஜெல் சரியாக இறுகவில்லையோ என்று, அதை இறுக்கும் விளக்கையே மாற்றினாள். சாமான் கடைக்காரர், ஜெல் பிடிக்க அடியில் பூசும் புதுப் பிரைமர் ஒன்றைத் தலையில் கட்டினார். நகங்கள் எல்லாவற்றுக்கும் இசைந்து கொடுத்துவிட்டு, சாவகாசமாகப் படியேறி வந்தன. கடைசியில் வாடிக்கையாளர்கள் மேலேயே பழியைப் போட்டுப் பார்த்தாள்.

“பாத்திரம் கழுவுறப்ப கையுறை போடுறீங்களா மேடம்?”

“எங்க வீட்ல பாத்திரம் கழுவுறது என் வீட்டுக்காரர். அவர் நகம் நல்லாத்தான் இருக்கு” என்றார் காசாளர். கவுன்ட்டரில் எல்லோர் முன்னாலும் தன் நகம் எழுந்து நடந்ததை அவர் மறப்பதாக இல்லை. “இன்னொரு தடவை ஒட்டுங்க. இதுவும் போச்சுன்னா நான் எதிர்க் கடைக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்.” அவர் போனால் அந்த வங்கியே பின்னால் போய்விடும்.

மறுநாள் காலை, அள்ளிய நகங்களைக் குப்பையில் கொட்டாமல் மேசைமேல் மல்லாத்திப் போட்டு, பூதக்கண்ணாடியால் பார்த்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒரே ரேகை இருந்தது. அவளுடைய கட்டைவிரல் ரேகை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நகத்தை அராவி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு, வழவழப்பு போய்விட்டதா என்று கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பது அவள் பழக்கம். துடைத்த நகத்தைத் தொடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அவள் கை அதைக் கேட்டதே இல்லை. வருஷக்கணக்காகத் தேய்த்த எண்ணெய் அந்த விரலில் ஊறிப்போய், எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. நகங்களும் அந்த எண்ணெய்க்கு உரிய கையைத் தேடி வந்திருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு ஒட்டினாள். காசாளரின் நகங்கள் அசையவில்லை. வங்கி தங்கியது, எதிர்க் கடைக்குப் போனவர்களும் திரும்பினார்கள், மாடிப்படி வெறிச்சென்று கிடந்தது. சில வாரங்கள் அவள் தரையில் கால் படாமல் நடந்தாள். பிறகு ஒரு காலை, எண்ணெய் தேய்த்துக்கொண்டே, “அந்தக் குறுகுறுப்பு எப்படிங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“அது நின்னு போச்சும்மா” என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. “விடு. கடை நல்லா ஓடுதில்ல?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது. அதற்கெல்லாம் பிறகு நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று விழுங்கிக்கொண்டாள்.

“எழுந்திரிங்க. கீழ வாங்க.”

வாடிக்கையாளர் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கையுறையைக் கழற்றி எறிந்தாள். அந்த ஐந்து நகங்களையும் அராவினாள், துடைத்தாள். பிறகு, செய்யக் கூடாததை வேண்டுமென்றே, ஒவ்வொரு நகத்திலும் கட்டைவிரலை அழுத்தித் தடவினாள்.

“ஏம்மா, நான் லாரிக்காரன்.”

“லாரிக்காரருக்கு நகம் இல்லையா? சும்மா இருங்க.”

நிறமில்லாத ஜெல் தீர்ந்திருந்ததால் காசாளரின் கருஞ்சிவப்பையே பூசினாள். கையை விளக்கின் கீழ் வைத்தாள்; ஜெல் இறுகியதும் விளக்கு அணைந்தது. முதலில் சுண்டுவிரல் மடங்கியது, பிறகு மற்றவை ஒவ்வொன்றாக. அந்தக் கை மெதுவாக மூடிக்கொண்டபோது உள்ளே அவள் கட்டைவிரல் சிக்கியிருந்தது. நெடுநேரம் அவர் விடவில்லை, அவளும் இழுக்கவில்லை.

அந்த நகங்கள் பிறகு கழலவே இல்லை. அவற்றுக்குப் போக வேறு இடம் இல்லை. வளர்ந்த இடைவெளியை மட்டும் அவ்வப்போது நிரப்பிக்கொண்டு அவர் மறுபடி லாரி ஓட்டினார். ஒருமுறை சோதனைச் சாவடியில் உரிமத்தை நீட்டிய கையைக் காவலர் ஒருவர் உற்றுப் பார்த்தார்.

“என் வொய்ஃபுக்கு ரெண்டே நாள்ல பேந்துடுது. இது நிக்குதா?”

“நிக்குது சார்.”

காவலர் கடைக்கு வழி கேட்டுக்கொண்டு, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்.