எட்டாவது சம்பந்தம்

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் எழுந்து போனார்கள். பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழு முறை இப்படியே நடந்துவிட்டது. கோளாறு எந்த இடத்தில் என்று இத்ரீசுக்குப் பிடிபடவில்லை.

கோளாறு கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். திருப்பூர் காங்கயம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருடமாகத் தையல் மெஷின் மெக்கானிக். ஓவர்லாக் மெஷினில் தையல் விட்டுவிட்டு விழுகிறது என்றால், புது ஆட்கள் ஊசியையும் மாற்றுவார்கள், நூலையும் மாற்றுவார்கள், டென்ஷன் திருகையும் திருகிவைப்பார்கள். தையல் சரியாகிவிடும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. நாலு நாளில் மறுபடியும் தையல் விடும். இத்ரீஸ் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். முதலில் ஊசி. கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பார். சரியாகவில்லை என்றால் பழைய ஊசியையே திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார். நேரமாகும், ஆனால் கோளாறு தப்பாது.

மகள் தௌலத் நிஷாவின் விஷயத்திலும் அப்படித்தான் செய்தார். முதல் சம்பந்தம் தட்டியபோது, வரிசையாகப் பத்துக் குடும்பம் இருக்கும் லைன் வீட்டில் குடியிருப்பதுதான் காரணமோ என்று தனிவீட்டுக்கு மாறினார். இரண்டாவது தட்டியபோது தாடி வளர்த்தார். மூன்றாவதுக்குப் பிறகு மனைவி ஹாஜரா பிரியாணிக்குத் தம் போடப் பழகினாள். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. பெண்கள் அரபிக் கல்லூரியில் ஐந்து வருடம் ஓதி ஆலிமா பட்டம் வாங்கியவள். வந்த பெண்கள் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எட்டாவது சம்பந்தம் அவிநாசியிலிருந்து வந்தது. தௌலத்துடன் கல்லூரியில் ஓதிய ஃபௌசியாவின் அண்ணன், சொந்தத்தில் துணிக்கடை. தங்கை சொல்லிச் சொல்லியே பையன் ஆசைப்பட்டுவிட்டான். தௌலத்துக்கும் ஆசை. அதை அவள் சொல்லவில்லை, ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மூன்று முறை தாவணி மாற்றினாள். காலை பத்து மணிக்கு வந்தார்கள். இளையவள் சுல்தானா தேநீர் கொடுத்தாள். பையனின் அம்மா தௌலத்தின் வாயில் இனிப்பை ஊட்டினார். பையனின் அப்பா பூர்வீகம் கேட்டார். மதுரைக்குத் தெற்கே புளியங்கரை என்றார் இத்ரீஸ். “நல்லதுங்க, நல்லதுங்க” என்று கைகுலுக்கிப் போனார்கள். சாயந்திரம் செல்போன் அடித்தது. பையன் இப்போதைக்கு வேண்டாம் என்கிறானாம்.

மறுநாள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வெள்ளியங்கிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க இத்ரீசு பாய், மூஞ்சியே செரியில்லீங்களே. இதுவும் தட்டிப்போச்சுங்களா?”

“ஆமாங்க மாஸ்டர். சாயந்திரமே சொல்லிட்டாங்க.”

“அட, உங்காளுக பரவால்லீங்க, வேகமாயிட்டாங்க! மொதல் சம்மந்தத்துக்கு அரை மாசம் தவிக்க வெச்சாங்கல்ல?” என்று சிரித்தார் வெள்ளியங்கிரி. இத்ரீஸ் சிரிக்காததைப் பார்த்து, “சும்மா சொன்னனுங்க, தப்பா நெனைக்காதீங்க” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இத்ரீஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். முதல் சம்பந்தம் இரண்டாயிரத்து ஒன்றில். பதில் வரப் பதினைந்து நாள் ஆனது. நடுவில் வந்தவர்கள் மூன்றாம் நாள் சொன்னார்கள். இப்போது அன்றைக்கே. மனசு மாறுவதற்கு இப்படி ஒழுங்காகக் குறைந்துகொண்டே வருகிற நேரம் கிடையாது. ஒரு கேள்வி எங்கோ போய்த் திரும்பி வருவதற்குத்தான் உண்டு. முதலில் அது கடிதமாகப் போனது. பிறகு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போனது. இப்போது எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் இருக்கிறது.

எங்கே போகும்? முஸ்லிம் குடும்பத்தில் கல்யாணம் என்றால் அந்தக் குடும்பத்தின் பூர்வீக ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத் கடிதம் தர வேண்டும். அதனால் சம்பந்தம் பேசுகிறவர்கள் முதலில் அங்கேதான் விசாரிப்பார்கள். புளியங்கரைக்குப் பக்கத்து டவுன் பள்ளிவாசலில்தான் இத்ரீசின் பெயர் பதிந்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் பின்னால் போய் நின்று, ஜமாஅத் செயலாளருக்கு அவரே போன் போட்டார். சலாம் சொல்லி, கோயமுத்தூர்க்காரன் என்றார். திருப்பூர் மெக்கானிக் இத்ரீசின் மகளைப் பையனுக்குக் கேட்கலாம் என்றிருப்பதாகச் சொன்னார்.

“இத்ரீசா? அருமையான மனுஷன்” என்றது அந்தக் குரல். “அஞ்சு வேளையும் தொழுகிறவரு. புள்ள ஆலிமா. ஒரு குத்தம் சொல்ல முடியாது.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“ஆனா கேட்டதுனால மறைக்கக் கூடாதுல்ல. எண்பத்திரெண்டுல இஸ்லாத்துக்கு வந்த குடும்பம். நீங்க பரம்பரையா?”

இத்ரீஸ் செல்போனை மறு காதுக்கு மாற்றினார்.

“நேத்துகூட அவிநாசியிலருந்து கேட்டாங்க. இதத்தான் சொன்னேன். மார்க்கத்துல ஒண்ணும் தடை இல்ல பாருங்க. சொந்தபந்தம் நாளைக்கு நாலு வார்த்தை கேட்குமேன்னு பாக்கிறாங்க.”

“அப்ப அந்தப் புள்ளைக்கு யாரு மாப்பிள்ளை குடுப்பா?”

“ஏன், அவங்கள்லயே இருக்காங்களே. வெள்ளகோவில்ல ஒரு குடும்பம் இருக்கு, அதே வருசம் வந்தவங்க. பையன் நூல் மில்லுல வேலை பாக்கிறான். அவங்களுக்கும் அதுதான் சௌகரியம்.”

எண்பத்திரண்டில் இத்ரீசின் பெயர் பெரியகருப்பன், ஹாஜராவின் பெயர் மூக்கம்மாள். டீக்கடையில் அவர்களுக்குத் தனித் தம்ளர். அந்த வருடம் அவர்கள் தெருவில் ஐம்பது பேர் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் டவுன் அரிசிக்கடை முதலாளி அவரைத் தன் பக்கத்தில் நிறுத்தித் தோளோடு தோள் ஒட்டித் தொழுதார். அது பொய்யில்லை. இருபத்துநாலு வருடத்தில் எந்தப் பள்ளிவாசலிலும் யாரும் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. செயலாளரும் பொய் சொல்லவில்லை. கோபப்படுவதற்குக்கூட அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

செயலாளர் சொன்னதையும் வெள்ளகோவில் பையனையும் பற்றி வீட்டில் சொன்னார். தௌலத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நம்மளப் பத்தி என்ன குறை சொன்னாங்க அத்தா?”

“ஒரு குறையும் சொல்லலம்மா. சொன்னாத் திருத்திறலாமே.”

“கல்லூரியில எங்களுக்கு இப்படிச் சொல்லித்தரலையே.”

“நீ படிச்சது சரிதான்.”

“அப்ப இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே அத்தா.”

“எட்டுப் பேரப் பாத்தாச்சு.”

அவள் ஃபௌசியாவுக்குப் போன் போடவில்லை. ஃபௌசியாவும் போடவில்லை.

ஹாஜராதான் பேசினாள். “இதுல என்னங்க புதுசு? நம்ம தெருவுல வேற தெருவுக்குக் குடுத்தமா, எடுத்தமா? நமக்குள்ளதான எல்லாம்.”

“அது வேண்டாம்னுதானடி வந்தோம்.”

ஹாஜரா அரிசி களையப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் குடும்பத்தோடு வெள்ளகோவில் போனார்கள். பையன் எட்டாவது வரை படித்தவன், அரபி வாசிக்கத் தெரியாது. அந்த ஊரில் தௌலத் ஓதிக்கொடுக்கப் பெண்கள் மதரசாவும் இல்லை. பையனின் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க எந்த வருசம்?”

“எண்பத்திரண்டு.”

“நாங்களும் அதேதான்.”

தௌலத்தை யாரும் ஓதச் சொல்லவில்லை. அவள் தலை நிமிராமல் “சரி” என்றாள். தேநீர் ஆறுவதற்குள் தேதி குறித்தாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஹாஜரா, “சுல்தானாவுக்கு இன்னும் நாலு வருசத்துல பாக்கணுமே” என்றாள்.

இத்ரீஸ் எப்படிப் பார்ப்பது என்று சொன்னார். இஸ்லாத்துக்கு வந்த குடும்பத்துப் பெண்ணை வந்த குடும்பத்துக்கே கொடுத்துவிட வேண்டும். அப்போது யாரும் எங்கேயும் போன் போட்டு விசாரிப்பதில்லை.