சொல்லாத அளவு

தையல்கடை மாஸ்டருக்கு அந்தத் தெருவில் நல்ல பேர். குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பவர் என்பார்கள். நல்ல பேர் வாங்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாலு பேர் பார்க்கும்போது ஒழுங்காக இருந்தால் போதும்.

அந்தக் கடையில் அம்மா காஜா எடுத்தாள், பட்டன் தைத்தாள். அளவு எழுதுவதும் அவள்தான். மாஸ்டர் டேப்பை வைத்து உரக்கச் சொல்வார், அம்மா எழுதிக்கொள்வாள். மகள் பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்து துணிக் குவியலுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுவாள். பதினாலு வயது, சரியான வாயாடி.

கொஞ்ச நாளாக அந்த வாய் மூடிக் கிடந்தது. கூப்பிட்டால் திரும்பினாள், தட்டில் போட்டதைத் தின்றாள். அழுகை வந்தாலாவது தேவலை, உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. நடந்ததற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் அளவு எடுத்தார். அது அவர் வேலைதானே? சொன்னால் அம்மா நம்புவாளா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

"யூனிபார்ம் இறுக்கமா ஆயிடுச்சு. நாளைக்கு மாஸ்டர்கிட்ட அளவு குடு," என்றாள் அம்மா, பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

"வேண்டாம்."

"ஏன்டி?"

"அவர் கை வைக்கிறது எனக்குப் பிடிக்கல."

"அளவு எடுத்தா கை படத்தான் செய்யும். தையக்கடையிலேயே வளர்ந்த பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

அம்மாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. பார்த்துப் பார்த்து, மாஸ்டர் கையும் அவளுக்கு டேப் மாதிரி ஒரு சாமானாகிவிட்டது.

மகள் யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "நீ நூல் வாங்கப் போறப்பல்லாம் எடுக்கிறாரு. டேப்பைச் சுத்திப் பிடிச்சுட்டு விடவே மாட்டாரு. ஒரு அளவுகூட வாயத் திறந்து சொன்னதில்லம்மா."

அம்மா குழாயை மூடினாள். அவள் எழுதாத அளவு அந்தக் கடையில் கிடையாது. எழுத ஆள் இல்லாத நேரத்தில் என்ன அளவு?

"உன் மேல ஒரு தப்பும் இல்ல," என்றாள். "அவன் பண்ணது அசிங்கம். நான்தான் கண்ணிருந்தும் குருடா இருந்துட்டேன்."

காலையில், "நீயும் வரியா, வீட்ல இருக்கியா?" என்று கேட்டாள்.

"வரேன்."

கடையில் கூட்டம் இருந்தது. அம்மா உட்காரவில்லை. "நான் இல்லாதப்போ என் பொண்ணுக்கு அளவெடுத்தியே, என்ன அளவு? சொல்லு."

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். "சின்னப் பொண்ணு, ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டு…"

"அளவைச் சொல்லு."

அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார், மறுபடி பிரித்தார். துணி தைக்கக் கொடுக்கத் தன் மகளோடு வந்திருந்த ஒருத்தி, மேஜையிலிருந்து துணியைச் சத்தமில்லாமல் எடுத்துப் பையில் போட்டாள்.

"போலீஸ்லயும் இதைத்தான் கேப்பாங்க. யோசிச்சு வை," என்று அம்மா வெளியே இறங்கினாள்.

சந்தோஷமாக இருக்கும் என்று மகள் நினைத்திருந்தாள். ஒன்றுமே இல்லை. தெருவைக் கடக்க அம்மா கை நீட்டியதும் அவள் தோள் தானாக விலகியது. அம்மா பார்த்தாள், கையை இறக்கிக்கொண்டாள்.

"சரி. உனக்கா தோணறப்போ பிடி."

ஸ்டேஷன் வரைக்கும் இரண்டு பேரும் தள்ளித் தள்ளியே நடந்தார்கள்.