அறுபத்தோராம் பக்கத்து ஓட்டை

1
இந்தக் கதை நேற்று மாலை கல்லூரிப் பேருந்தில் பக்கத்து இருக்கை ஜஸீனாவிடமிருந்து நான் சுட்டது. அவள் கணக்குத் துறை, நான் தமிழ். இன்று பதினோரு மணிக்கு அவளுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. இப்போது மணி ஒன்பதரை.

2
முதல் தொடக்கம்: 'கோட்டாற்றின் காலை வெயிலில் ஜஸீனா' (வேண்டாம். வெயிலுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?)

அவள் சொன்னபடியே எழுதுகிறேன். வகைக்கெழுச் சமன்பாடு, இன்ன இடத்தில் நின்றால் இன்ன திசையில் போ என்று ஒரே வழி காட்டும். அவள் ஆராயும் வகைக்கெழு உள்ளடக்கமோ பல திசைகளைக் காட்டி, எதில் வேண்டுமானாலும் போ என்று விட்டுவிடும். துல்லியமான பாதை உடனே அகப்படாது. சிறு பிழையோடு தோராயப் பாதைகள் போட்டு, பிழையைக் குறைத்துக்கொண்டே போகவேண்டும். அவை ஒன்றையொன்று நெருங்கினால்தான் துல்லியம் கைக்கு வரும். பானாக் வெளியில்* அப்படி நெருங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

* என்னவென்று கேட்டேன். "மூணு தெசைக்குப் பதிலா தீராத தெசை உள்ள எடம்னு வச்சுக்கிடுங்க எக்கா" என்றாள். வைத்துக்கொண்டேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

3
ஆய்வேட்டின் அறுபத்தோராம் பக்கத்தில், 'பாதைகள் ஓர் எல்லைக்குள் அடங்கியவை, ஆகவே நெருங்கும்' என்று எழுதியிருக்கிறாள். மூன்று திசைக்குக் கை பழகிய வரி. தீராத திசையில் அது செல்லாது. முந்தாநாள்தான் கண்டுபிடித்தாள்.

"யாரும் பாத்தாவளா மக்கா?"

"மூணு பேரு வாசிச்சாச்சு. கைடு கைலாசநாதன் சாரு கையெழுத்தும் போட்டாச்சு. ஒருத்தரும் காணேல."

"அப்போ வாயத் தொறக்காத."

"ஒரு நிபந்தனை கூடச் சேத்தா தேற்றம் நிக்கும் எக்கா. சின்னதாப் போவும், ஆனா நிக்கும். சொன்னா, திருத்திட்டு வான்னு ஆறு மாசம் தள்ளிருவாவ. வெள்ளிக்கெழம வேலைக்கு இண்டர்வியூ. பட்டம் இல்லாம உள்ளயே விடமாட்டாவ."

4
முடிவு அ: மறைக்கிறாள். பட்டம், வேலை, பிரியாணி. எழுதி முடிப்பதற்குள் எனக்கே அவளைப் பிடிக்காமல் போயிற்று.

முடிவு ஆ: சொல்கிறாள். தேர்வாளர் கண்கலங்கி எழுந்து (இல்லை. அவர் ரயிலுக்கு நேரமாகிறதா என்று பார்ப்பார்.)

முடிவு இ: சொல்கிறாள், ஆறு மாதம் போகிறது, அதன் பிறகு அவள்

மூன்றும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று மட்டும் கிட்டவே வரவில்லை.

5
வாயைத் திறக்காதே என்று சொன்னது உறுத்தியது. போன் போட்டு அதையும், இப்படி ஒரு கதை எழுதுவதையும் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். கதையில நான் என்ன செய்யுகேன்?"

"மூணு வச்சிருக்கேன். ஒண்ணு எடுத்துக்க."

சிரித்தாள். "ஒண்ணும் வேண்டாம். நேர்ல வாங்க. பொது வைவாதான, ஆரும் வந்து இருக்கலாம், கேள்வியும் கேக்கலாம்."

6
கடைசி வரிசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அறுபத்தோராம் பக்கம் வந்ததும் ஜஸீனா தண்ணீர் குடித்தாள். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். தேர்வாளர் இரண்டு எழுத்துப்பிழைகளைச் சுட்டினார். இப்போது, "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்கிறார்கள்.

அவள் விரல் ஆய்வேட்டின் அந்தப் பக்கத்திலேயே செருகியிருக்கிறது. யாராவது கேட்டால் சொல்லிவிடுவாள். எனக்கு இந்தப் பெண்ணை ரொம்பப் பிடிக்கும். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவேண்டும் என்றும் இருக்கிறது. என் கை எழவில்லை. இந்த அறையில் விஷயம் தெரிந்த இன்னொருவர் நீங்கள்தான். உங்களை இங்கே யாருக்கும் தெரியாது.

கையைத் தூக்குகிறீர்களா?