வாசனை போகாத கணக்கு நோட்டு

சாருலதா டீச்சர் பூஜ்யம் போட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிவப்பு மையில், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் உருண்டையாக விழும். முட்டுக்காட்டுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு அவருடையது. வருட மதிப்பெண்ணில் பாதி பரீட்சைக்கு, பாதி வீட்டுப்பாடத்துக்கு. நோட்டு அன்றைக்கே வராவிட்டால் பூஜ்யம், மறுநாள் வந்தாலும் பூஜ்யம். 2003 ஜூனில் ஆசிரியர் கூட்டத்தில் இந்த விதியைக் கொண்டுவந்ததும் அவர்தான். பிள்ளைகளுக்கு ஒழுங்கு வரும் என்று மனதார நம்பினார், பாவம்.

அடுத்த ஏப்ரலில் அந்த விதி சுவேதாவின் கழுத்தில் வந்து நின்றது. பரீட்சைகளில் அவள் அறுபத்தெட்டு. அதில் பாதி முப்பத்துநான்கு. வீட்டுப்பாடம் வருடம் முழுக்கப் பூஜ்யம். தேற முப்பத்தைந்து வேண்டும். ஒரே ஒரு மார்க்கில் மறுபடியும் ஒன்பதாவது.

பெயிலான பிள்ளைகளின் பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சுவேதாவின் அம்மா வச்சலா மீன் விற்று முடித்த கையோடு வந்தாள். கூடையை கேட்டுக்கு வெளியே வைத்து, மகளைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"எங்க போடணும் டீச்சரு கையெழுத்து? அப்டியே டீசியும் குடுத்துடு. கோவளத்தாண்ட எறா உரிக்கிற ஷெட்டுல ஆளு எடுக்கறாங்கோ. ரெண்டாந்தபா ஒம்பதாவது படிக்க அவ நைனா ஒத்துக்க மாட்டாரு."

அவள் கெஞ்சாதது டீச்சருக்கு என்னவோபோல் இருந்தது. அந்த எரிச்சலில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டார்.

"ஒரு நாள் கூட வீட்டுப்பாடம் தரலைம்மா உன் பொண்ணு. வீட்டுல யாரும் கவனிக்கறதில்லையா?"

"இன்னா டீச்சரு சொல்ற? தெனிக்கும் எழுதிக்கினுதானே கீது? எழுதி, பவுடரு போட்டு, பிஸ்கெட்டு டின்னுல வெச்சு மூடுது. கேட்டா, வாசன போனப்புறம் எடுத்துக்கினு வரச் சொன்னாங்க டீச்சருங்குது."

டீச்சருக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சுவேதாவைக் குப்பத்துக்கு அனுப்பி அந்த டின்னை எடுத்துவரச் சொன்னார். பத்து நிமிடத்தில் ஓடி வந்து மேஜைமேல் வைத்தாள்.

திறந்ததும் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே மூன்று நோட்டுகள். ஜூன் பன்னிரண்டு, ஜூன் பதின்மூன்று என்று ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. ஒரு நாள் விடவில்லை. மறுநாள் போர்டில் போட்ட விடையைப் பார்த்து அவளே திருத்தியிருந்தாள். தப்பான இடத்தில் தனக்குத் தானே தப்பும் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் ஊதுவத்திச் சாம்பல், இன்னொன்றில் காய்ந்த மரிக்கொழுந்து. அத்தனைக்கும் அடியில் மீன் வாசனை அப்படியே இருந்தது. மீன் விற்றுப் பிழைக்கிற வீட்டில் அது எங்கே போகும்?

அப்போதுதான் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. அவர் வீடு மாமல்லபுரத்தில், பெருமாள் கோயில் பக்கத்திலேயே. கணவர் உப்பிலிக்குக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம்; அங்கே கிடைக்கும் பிரசாதம்தான் டீச்சருக்கு மத்தியானச் சாப்பாடு. திருத்த வேண்டிய நோட்டுகள் பிரசாத டப்பா இருக்கும் அதே பையில்தான் வீட்டுக்குப் போகும். பள்ளி திறந்த முதல் வாரம் சுவேதாவின் நோட்டை இரண்டு விரலால் தூக்கி, "என்ன இது, கவுச்சி அடிக்குது? வாசனை போனப்புறம் கொண்டா" என்று திருப்பிக் கொடுத்திருந்தார். மத்தியானத்துக்குள் அதை மறந்தும் போனார். அந்தப் பெண் மறக்கவில்லை. டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்று பத்து மாதம் வாசனை போகக் காத்திருந்திருக்கிறாள். காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பூஜ்யம் விழுந்திருக்கிறது.

டீச்சரை வெட்கம் பிடுங்கித் தின்றது. டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமையாசிரியர் ஜானகிராமனின் அறைக்குப் போனார்.

ஜானகிராமன் நோட்டைப் புரட்டினார். "பாவம்தான். ஆனா லேட்டா வந்தாலும் பூஜ்யம்னு ரூல் போட்டது நீங்கதானே டீச்சர்?"

"நான்தான் சார். தப்பான ரூல். கணக்கே தெரியாதவன்னு அந்தப் பூஜ்யம் சொல்லுது. இவளுக்குக் கணக்கு தெரியும். இனிமே நோட்டு வரலைன்னா, மார்க்கு போடறதுக்கு முன்னாடி ஏன் வரலைன்னு கேக்கணும்."

"அப்போ பெயிலான இன்னொருத்தன், சரவணகுமார்? அவனும்தான் ஒண்ணும் தரலை."

"அவனையும் கேக்கறேன். ஆனா பரீட்சையில அவன் எடுத்தது இருபத்தெட்டு. அதை நான் தொட மாட்டேன், அது அவன் மார்க்கு."

ஜானகிராமன் மதிப்பெண் பதிவேட்டை டீச்சர் பக்கம் நகர்த்தி வைத்தார். "திருத்தினா காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். இன்ஸ்பெக்ஷன்ல பாத்தா மெமோ உங்களுக்குத்தான் வரும். பாத்து எழுதுங்க."

'பதிவில் பிழை' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு அந்த அழகான பூஜ்யத்தை அடித்துவிட்டு எழுதினார்: 'மாணவி வருடம் முழுவதும் வீட்டுப்பாடம் செய்துள்ளார். மீன் வாசனை அடிக்கிறது என்று நான் வாங்க மறுத்தேன்.' கையெழுத்துப் போட்டார். ஜானகிராமன் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தன் கையெழுத்தையும் போட்டார்.

வெளியே தாயும் மகளும் கூடையின் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். "டீசி எதுவும் வேண்டாம். ஜூன்ல பத்தாவது வகுப்புல வந்து உக்காரு," என்றார் டீச்சர். வச்சலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுவேதா டின்னுக்காகக் கையை நீட்டினாள்.

"நோட்டு என்கிட்ட இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் திருத்தித்தான் மார்க்கு போடணும்."

சுவேதா தயங்கினாள். "இன்னும் வாசன போவல டீச்சர்."

டீச்சர் டின்னிலிருந்து மூன்று நோட்டுகளையும் எடுத்தார். தோளில் இருந்த பையைத் திறந்து, புளியோதரைப் பிரசாத டப்பாவை ஓரமாக நகர்த்தி, அதை ஒட்டியே நோட்டுகளை வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.