பலகையில் என் எடை

என் கணவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம், என் எடையை ஊரறியச் செய்ததுதான்.

பளுதூக்கும் கிளப்பில் சேர்ந்த முதல் வாரமே, "என் பொண்டாட்டி எடைய ஒரே இழுப்புல தலைக்கு மேல தூக்கிக் காட்டறேன்" என்று சவால் விட்டுவிட்டார். அங்கே ஒவ்வொருவரின் இலக்கையும் மாஸ்டர் சுவர்ப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார். இவருக்கு நேரே அறுபத்தெட்டு. மறுநாள் முதல், நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வருபவர்கள்கூட என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அழிக்கச் சொல்லுங்க."

"தூக்கினாத்தான் அழிப்பாங்க."

ஆக, என் மானம் இவருடைய முழங்கையில் தொங்கியது. எப்போது தூக்குவார் என்று பார்க்க நானும் சாயங்காலம் கிளப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

மாஸ்டர் இவருக்கு இரும்பே தரவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து, "கால் தள்ளி முடிக்கிற வரைக்கும் கை நீட்டமா இருக்கணும் சார். கை வெறும் கயிறு, அவ்வளவுதான்" என்றார். இவருக்கு வாய்தான் முந்தும் என்று நினைத்திருந்தேன், கையும் முந்தியது. கால் வேலையைத் தொடங்குமுன்பே முழங்கை மடங்கிவிடும். "குழாயத் தூக்க நான் எதுக்கு இங்க வரணும்? எங்க பாத்ரூம்லயே இருக்கே" என்று முணுமுணுத்தார். ஓரமாக நின்ற என்னிடம் மாஸ்டர், "சும்மா நிக்கறதுக்கு நீங்களும் ஒண்ணு எடுங்கம்மா" என்று இன்னொரு குழாயை நீட்டினார். எடுத்தேன்.

ஒருவழியாக இரும்புக்கு வந்து, அறுபதோடு நின்றுவிட்டார். அப்போதாவது முழங்கையைக் கவனிப்பார் என்று பார்த்தால், சாப்பாட்டு மேஜையில் என் தட்டைக் கவனித்தார்.

"நீ ஒரு எட்டு கிலோ குறைஞ்சா போதும்மா."

வெள்ளிக்கிழமை தவறாமல் கடைக்கே வந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் என்னை எடை மெஷினில் ஏற்றினார். நான் வீம்புக்கென்றே இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

கிளப் போட்டியில் அறுபத்தெட்டையே கேட்டார். முதல் இரண்டு முயற்சியிலும் கை மடங்கியது, கம்பி முன்னால் விழுந்தது. மூன்றாவது முறை என்னால் பொறுக்க முடியவில்லை.

"கைய மடக்காதீங்க!" என்று கத்தினேன்.

கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக என் பேச்சைக் கேட்டார். கம்பி தலைக்கு மேல் போய் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவர் 'இறக்கு' என்று கையசைக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இவரோ என்னைப் பார்த்ததும் கம்பியைத் தொப்பென்று போட்டுவிட்டு மீசையை முறுக்கினார். செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீடு திரும்பும்போது சொன்னார்: "நீ கத்தினதுல கவனம் சிதறிடுச்சு."

மறுநாள் கிளப்பில், பலகையில் அப்படியே இருந்த அறுபத்தெட்டைக் காட்டி, "அதுக்குக் கீழ எனக்கும் ஒரு எண் எழுதுங்க மாஸ்டர்" என்றேன்.

"எவ்வளவும்மா?"

"இவரோட எடை. எண்பத்தொண்ணு."

"ரெண்டு மூணு வருஷமாவது ஆகும்மா."

"ஆகட்டும். இவர் எங்க போயிடப் போறார்?"

மாஸ்டர் எழுதினார். என் கணவர் வாயைத் திறக்கவில்லை, அன்று இரவு சாப்பிடத்தான் திறந்தார். மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நானும் மனசாரப் பரிமாறினேன். வெள்ளிக்கிழமைகளில் இப்போது அவரே மெஷினில் ஏறி, முள் ஏறியிருந்தால் சிரித்துக்கொண்டே இறங்குகிறார். பலகையில் எனக்கு நேரே இருக்கும் எண்ணை மாஸ்டர் கூட்டி எழுதுகிறார். போன வாரம் எண்பத்தைந்து.

கடைக்கு வருகிறவர்கள் என்னை மறந்தே போனார்கள். இப்போது அவரைத்தான் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.