மூன்றாவது கல்

நில அளவைத் துறையிலிருந்து வந்த கடிதத்தை மில்லி வாசலில் நின்றபடியே படித்து முடித்தாள். உரிமம் பெற்ற சர்வேயர்கள் ஒரு வருடத்தில் தாக்கல் செய்யும் வரைபடங்களில் நூற்றுக்கு மூன்றைக் குலுக்கலில் எடுத்து, தணிக்கைப் பிரிவு திரும்பவும் நிலத்தில் இறங்கி அளந்து பார்க்கும். இந்த முறை சிக்கியவற்றில் அவள் அளந்த லாரிப் பட்டறை இடமும் ஒன்று. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அளவுகளை எழுதிவைக்கும் பீல்டு புக்குடன் வந்து நிற்க வேண்டும்.

அவளுக்குப் பெரிய கலக்கம் ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருடமாக அளக்கிறாள். மில்லி என்கிற பெயரே தொழில் கொடுத்ததுதான். அடுத்தவர்கள் சென்டிமீட்டரோடு கைகழுவும் இடத்தில் இவள் மில்லிமீட்டருக்கு மல்லுக்கு நிற்பாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர், நாளாவட்டத்தில் வீட்டுக்காரர் வாயிலும் ஏறிவிட்டது. மாமியாருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பொம்பளைக்கு வைக்கிற பேரா இது? சாராயக் கடையில கேக்குற அளவு மாதிரி இருக்கு" என்பார்.

திங்கட்கிழமை தணிக்கை அதிகாரி எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். சர்வேயர்கள் அவரைப் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். யார் வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். தோளில் ஒரு பாட்டில் தொங்கும்.

பட்டறை முதலாளி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன சார், மறுபடியும் அளக்குறீங்க? ராத்திரியோட ராத்திரியா என் இடம் சுருங்கிப் போச்சா?"

"உங்க மேல ஒண்ணும் இல்லைங்க. நாங்க எங்க வேலையைச் சரிபாக்குறோம்" என்றார் பூதக்கண்ணாடி.

அளவை எப்போதும் அரசாங்கம் நட்ட ஆதாரக் கற்களிலிருந்துதான் தொடங்கும். ஒரு கல்லின் மேல் கருவியை நிறுத்தி, இன்னொரு கல்லைப் பார்த்துத் திசை பிடிக்க வேண்டும். இரண்டும் சரிதானா என்று மூன்றாவது ஒரு கல்லைப் பார்த்துச் சோதித்து, அந்த அளவை அங்கேயே பீல்டு புக்கில் எழுத வேண்டும். எழுதாமல் எல்லைக்கல்லைத் தொடக்கூடாது என்பது விதி. இந்த வட்டாரத்தில் முதல் கல் வாய்க்கால் பாலத்தின் ஓரம். இரண்டாவது, இருநூறு மீட்டர் தள்ளிப் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி. மூன்றாவது, தண்ணீர் இறைக்கும் நிலையத்தின் வளாகத்துக்குள்.

அதிகாரி அவசரமே படாமல் அளந்தார். பள்ளிக்கூடக் கல்லை விட்டுவிட்டுத் தூரத்தில் வேறொரு கல்லைப் பிடித்துத் திசை வைத்தார். பட்டறையின் நான்கு மூலைகளையும் பார்த்தார். பிறகு மறுபடி பாலத்துக்குப் போய், இந்த முறை பள்ளிக்கூடக் கல்லை வைத்து ஒருமுறை அளந்தார். பத்தரை மணிக்கு ஒரு லாரியின் நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மில்லி எதிரில் நின்றாள்.

"நாலு மூலையும் ஒரே பக்கமா பதினாலு சென்டி தள்ளி இருக்கு மேடம்."

அவள் காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. "பதினாலு மில்லியா?"

"சென்டி. அஞ்சு சென்டி வரைக்கும்தான் விதி அனுமதிக்கும். பள்ளிக்கூடக் கல் பக்கவாட்டுல இருபது சென்டி நகர்ந்திருக்கு. போன வருஷம் அங்க சாக்கடை தோண்டுனாங்க இல்ல, அதுல இடிச்சிருப்பாங்க. பக்கவாட்டுல நகர்ந்ததால தூரம் மாறல, திசை மட்டும் திரும்பிருச்சு. கருவியில பாத்தா சரியாத்தான் தெரியும். உங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

மில்லி மூச்சை விட்டாள். ஆனால் அவர் பீல்டு புக்கைத் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"ஆனா மூணாவது கல் காட்டிக் குடுத்திருக்கணுமே. அது இன்னும் தூரத்துல இருக்கு. அன்னிக்கு அதைப் பாத்திருந்தா இருபத்தாறு சென்டி வித்தியாசம் வந்திருக்கும். உங்க புத்தகத்துல மூணு மில்லிதான் வித்தியாசம்னு இருக்கு. அது எப்படி?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. இறைக்கும் நிலையத்தில் பழைய காவலாளி போய்ப் புதியவர் வராமல் இரண்டு மாதம் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி கேட்டு மனுப் போட்டால் ஒரு வாரம் இழுக்கும். முந்தைய வேலையில் அதே கல்லை அவள் ஒழுங்காகப் பார்த்து எழுதிய பக்கம் கையிலேயே இருந்தது. கல்லுக்குக் கால் முளைக்கவா போகிறது என்று அந்த எண்களை எடுத்துப் புதுப் பக்கத்தில் எழுதிவிட்டாள்.

"பழைய பக்கத்தைப் பாத்து எழுதிட்டேன் போல இருக்கு" என்றாள். அவளுக்கே அந்த 'போல இருக்கு' கேவலமாகப் பட்டது.

அதிகாரி அவளை ஒரு நொடி பார்த்தார். தன் படிவத்தில் எழுதினார். "பத்து நாளைக்குள்ள எழுத்துமூலமா விளக்கம் குடுங்க. இந்த வரைபடத்தைப் பத்தி மட்டும் போதும். குலுக்கல்ல வந்தது இதுதான்."

வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையை ஒழித்துவிட்டு, சாக்கடை தோண்டிய நாளிலிருந்து இருந்த பீல்டு புக்குகளை வரிசையாக அடுக்கினாள். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடக் கல்லை வைத்து அளந்தவை மொத்தம் ஐந்து இடங்கள். ஐந்திலும் மூன்றாவது கல்லுக்கு ஒரே எண்கள். முதல் தடவை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது அவளுக்கு நினைவிருந்தது. அடுத்த நாலு தடவை தயங்கியதாக நினைவே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

ஐந்தில் ஒன்று அவளுடைய நாத்தனார் வீடு.

வீட்டுக்காரர் மருந்துக் கடையில் மருந்தாளுநர். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து, விரித்துக் கிடந்த புத்தகங்களைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவர் கேட்டது ஒண்ணைத்தானே?"

"ஒண்ணைத்தான்."

"அப்ப அதுக்கு மட்டும் பதில் எழுது. மத்த நாலையும் நீயே போய் சத்தமில்லாம சரிபண்ணிக் குடுத்துடு. லைசென்ஸ் போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"சத்தமில்லாம எப்படிங்க சரிபண்றது? வரைபடம் பதிவாயிருச்சு. பக்கத்து இடத்துக்காரன் நாளைக்கு வேற சர்வேயரைக் கூப்பிடுவான். அவர் என் கோட்டைப் பிடிச்சுதான் அளப்பார். தப்பு அப்படியே தெரு முழுக்கப் போகும்."

அவர் ஒரு புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "தங்கச்சி சுவர் கட்டிட்டாளேம்மா" என்றார்.

"அதான் முதல்ல அங்க போறேன்."

நாத்தனார் தையல் கடை வைத்திருக்கிறவள். எதையும் நேராக வெட்டிப் பேசுகிறவள். நாலு மாதத்துக்கு முன்பு மில்லி காட்டிய கோட்டில் சுற்றுச்சுவர் கட்டினாள். பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர் அப்போதே வந்து முறையிட்டார். சுவர் வந்தபிறகு தன் பக்கத்து ஜன்னல் கதவு முழுசாகத் திறக்கவில்லை, இடிக்கிறது என்றார். "எங்க அண்ணி அளந்தா அளந்ததுதான். உங்க கதவைச் சின்னது பண்ணுங்க" என்று நாத்தனார் முகத்தில் அடித்தமாதிரி சொல்லி அனுப்பினாள். மனுஷர் சண்டைக்காரர் இல்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கதவை அறுத்துக்கொண்டார்.

மில்லி கருவியுடன் போய், முதலில் நல்ல கற்களை வைத்து அளந்து பார்த்தாள். சுவர் பதினொரு சென்டி கடிகாரக்காரர் பக்கம் ஏறி நின்றது. அதற்குப் பிறகுதான் உள்ளே போனாள்.

நாத்தனார் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு தையல் முடிந்த பிறகுதான் காலை எடுத்தாள். "பதினொண்ணுன்னா எவ்வளவு அண்ணி?"

மில்லி விரல்களை விரித்துக் காட்டினாள்.

"இதை யார்கிட்ட சொல்லப் போறீங்க?"

"துறைக்கு எழுதிக் குடுக்கப் போறேன். உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

"நான் அவரை என்ன பேச்சு பேசுனேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"உங்க பேரைச் சொல்லிப் பேசுனேன் அண்ணி. அதான் வயித்தெரிச்சலா இருக்கு." அவள் மறுபடியும் மிஷினில் காலை வைத்தாள். மில்லி தானாக எழுந்து வந்தாள். அதன்பிறகு பதினாறு நாள் அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. அண்ணன் கூப்பிட்டாலும் அவள் எடுக்கவில்லை.

விளக்கக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தாள். முதல் கடிதத்தில் காவலாளி இல்லாத கதை ஒரு பக்கம் வந்துவிட்டது. இரண்டாவதில் தன் பத்தொன்பது வருடம் வந்துவிட்டது. கடைசியில் எழுதியது அரைப் பக்கம்தான்: பார்க்காத அளவைப் பார்த்ததாக ஐந்து முறை எழுதினேன், ஐந்து இடங்களின் விவரம் கீழே, அவற்றில் ஒன்று என் கணவரின் தங்கையுடையது.

பூதக்கண்ணாடி அதைத் தன் மேசையில் வைத்து இரண்டு முறை படித்தார்.

"மத்த நாலை நான் கேக்கவே இல்லையே மேடம்."

"கேக்கலை."

"இது என் கைல இருந்து விசாரணைக் குழுவுக்குப் போயிரும். திருப்பி வாங்க முடியாது. தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் கொண்டுவந்தேன். முத்திரை போட்டு நகல் ஒண்ணு குடுங்க."

அவர் போட்டுக் கொடுத்தார்.

குழு என்பது மூன்று பேர், ஒரு நீள மேசை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. மில்லி நாற்பது நிமிடம் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் இருந்தவர் கடுமையானவர். நகர்ந்த கல் மன்னிக்கக்கூடியது, எழுதிய பொய் அப்படி இல்லை, உரிமத்தை ரத்து செய்யலாம் என்று அவள் காதுபடவே சொன்னார். நடுவில் இருந்த தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களா சொல்லாம இருந்தா மத்த நாலும் எங்க கண்ணுல பட்டிருக்காது. ஏன் சொன்னீங்க?"

நல்லதாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று மில்லிக்குத் தோன்றியது. வாயில் வந்தது இதுதான். "என்கிட்ட பணம் குடுத்து அளக்கச் சொன்னவங்க அந்தக் கோட்டை நம்பிக் கடக்கால் போடுறாங்க. எனக்குத் தெரிஞ்ச பிறகு எப்படிச் சும்மா இருக்கிறது?"

வலது பக்கத்தவர் எதையோ எழுதிக்கொண்டார்.

முடிவு தபாலில் வந்தது. உரிமம் ரத்தாகவில்லை. ஐந்து வரைபடங்களையும் தன் சொந்தச் செலவில் திருத்தித் திரும்பப் பதிய வேண்டும். ஒரு வருடத்துக்கு அவள் தாக்கல் செய்யும் ஒவ்வொன்றையும் வேறொரு சர்வேயர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவளுக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் ஊரிலேயே அவளோடு ஒத்துப்போகாத ஆள். முதல் நாளே, "வாங்க மில்லி, இன்னிக்கு நாம சென்டிலயே ஆரம்பிப்போமா?" என்று குத்தினார். அவள் வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது? வேலையில் அவர் ஒழுங்கானவர்தான்.

நாத்தனார் வீட்டுச் சுவர் விஷயம் யாரும் நினைக்காத விதமாக முடிந்தது. துறையிலிருந்து தகவல் கிடைத்ததும் கடிகாரக்காரர் தானாகவே வந்து, பதினொரு சென்டிக்காக நின்ற சுவரை இடிப்பானேன், நான் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க மண்ணுல என் சுவர் நிக்க வேண்டாம்ணே. நான் பேசுன பேச்சே போதும்" என்றாள். கொத்தனாருக்கு ஆள் அனுப்பியவளும் அவள்தான். அளக்க வரச்சொல்லி மில்லிக்குப் போன் போட்டவளும் அவள்தான். போனில் வணக்கம் இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை. "வியாழக்கிழமை இடிக்கிறோம். காலையிலயே வந்துடுங்க. மூணாவது கல்லைப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

சுவர் தள்ளிப்போன பிறகு ஜன்னலுக்குத் தாராளமாக இடம் வந்தது. அறுத்த கதவுதான் ஜன்னலை முழுசாக மூடாமல் நின்றது. நாத்தனார் அதை நிமிர்ந்து பார்க்க முடியாமல், புதிதாக ஒரு கதவு செய்துதரத் தச்சரைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் துறை எல்லாச் சர்வேயர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பள்ளிக்கூடக் கல் நகர்ந்துவிட்டது, அதைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் வரைபடங்களைச் சரிபார்த்துத் தெரிவிக்க வேண்டும், இறைக்கும் நிலையத்தின் சாவி இனி துறை அலுவலகத்திலேயே இருக்கும். மில்லியின் பெயர் அதில் இல்லை. பெயர் போடாவிட்டால் என்ன, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேர் போனில் கூப்பிட்டுத் திட்டினார்கள். "உங்க வீட்டு நெருப்பை ஏன் எங்க வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க?" என்றார் ஒருவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை செய்யும் சர்வேயர். ஒரு கூட்டத்தில் தூரத்தில் பார்த்த முகம். வெயிலைப் பற்றிப் பேசினார், கருவி பழுதுபார்க்கும் கடை மூடியதைப் பற்றிப் பேசினார். மில்லி காத்திருந்தாள்.

"எனக்கும் அந்தக் கல்லுல மூணு இடம் இருக்கு மேடம்" என்றார் கடைசியில். "கதவு பூட்டியிருந்த அதே ரெண்டு மாசம்."

"மூணாவது கல்லைப் பாத்தீங்களா?"

எதிர்முனையில் குழந்தை ஒன்று எதற்கோ அழுதது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"பாக்கலை" என்றார். "எழுதிக் குடுக்கலாம்னுதான் உக்காந்திருக்கேன். ரெண்டு நாளா முதல் வரியே வர மாட்டேங்குது. நீங்க என்னன்னு எழுதுனீங்க?"

மில்லி அலமாரியைத் திறந்து முத்திரை போட்ட நகலை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பேனா வச்சிருக்கீங்களா?" என்றாள். "மெதுவாப் படிக்கிறேன்."