பாறசாலையின் குணுக்கு

எஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டியின் கடைசி இருக்கைகளில் வீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் அந்தக் காலைப் பயணிகள் வண்டியில் இவ்விதியை எவரும் எழுதி ஒட்டவில்லை; வாய்விட்டு அறிவித்தவரும் இல்லை. சீசன் டிக்கெட்டில் ஏறுகிறவர்கள் மேலதிகாரியைத் திட்டலாம், தேர்தலைப் பற்றிச் சண்டையிடலாம், நேமத்துக்கு முன்னால் சிக்னலுக்காக வண்டி காத்துக் கிடக்கையில் ரயில்வேயைச் சபிக்கலாம். மனைவி மக்கள், அடுக்களை, ஒழுகும் கூரை ஆகியவற்றுக்கு மட்டும் அங்கே இடமில்லை. பெயரைக் கேட்டால் அடுத்து வீட்டைக் கேட்க நேரும் என்பதால் ஒருவரையொருவர் அவரவர் ஏறும் நிலையத்தின் பெயரால் அழைத்துக்கொண்டார்கள். இரணியல், பள்ளியாடி, குழித்துறை, பாறசாலை. சீட்டாட நால்வர் போதும். நால்வருக்கு நான்கு நிலையங்களும் போதும்.

அவர்களுள் பாறசாலையாகிய தாசையன் அன்று விடியுமுன் இறந்துபோயிருந்தார்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த அவருடைய மகள் ஜெயஷீலா, இந்த விதி எதையும் அறியாதவளாய், நடைமேடையில் தண்ணீர்க் குழாய்க்கு நேராக நின்றிருந்தாள். காலில் தம்பி அஜீஷின் செருப்பு. கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதற்குள் முந்தைய மாலை அம்மா வேகவைத்த வட்டயப்பம், நான்கு பேருக்கானது.

"வண்டி வருமுன்ன போ மக்களே," என்று சொல்லி அனுப்பியவள் அம்மா ரத்னாபாய்தான். "குழாய்க்கு நேரா நின்னா அந்தப் பெட்டி வந்து நிக்கும்னு சொல்லுவாரு. அவங்க மூணு பேரும் சீட்டப் போட்டுட்டுக் காத்திருப்பாங்க."

"போன் நம்பர் ஒண்ணும் இல்லியாம்மா?"

"நம்பர் குடுத்தா வீட்டுக்கு விளிப்பானுவ, விளிச்சா வீட்டப் பேசணும்னு சொல்லிச் சிரிப்பாரு. எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல."

அப்போது அம்மா ஈரத்துணியால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை இடது காது மடலில் வந்து நின்றது. அங்கே பட்டாணி அளவில் ஒரு சிவந்த தழும்பு, வருடக்கணக்காக ஆறாமல் இருந்தது.

"கேட்டா வண்டியில கொசும்பாரு," என்றாள். "எந்நாளும் ஒரே எடத்துல வந்து கடிக்கிய கொசு."

தாசையன் திருவனந்தபுரத்தில் ஒரு பழைய அரசு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினார். பகல் முழுவதும் பிறர் சொல்லும் மாடிக்கு அவர்களைக் கொண்டுசேர்த்துவிட்டு, மாலையில் வீடு திரும்பியதும் குளித்து, உண்டு, பேசாமல் படுத்துவிடுவார். கழக்கூட்டத்தில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் ஜெயஷீலா, தோழியருடன் தங்கியிருந்த இடத்தை விட்டுப் பெரிய ஃப்ளாட் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பெற்றோரை அழைத்துக்கொள்ள நினைத்தாள். அங்கிருந்து அப்பாவின் அலுவலகம் பக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் இதைச் சொன்னபோது அம்மா மனத்துக்குள்ளேயே பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டாள். அப்பா சோற்றிலிருந்து தலை நிமிராமல் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"வண்டி உண்டுமே."

அன்றிலிருந்து அம்மா அவருக்குத் தட்டு வைக்கும் ஓசை மாறியிருந்தது. இன்று காலையும், அழுகை சற்று ஓய்ந்த இடைவெளியில் அவள் அதைத்தான் சொன்னாள். "நம்மளவிட வண்டி பெரிசாப்போச்சு. அந்த ஒரு மணிக்கூர் நம்மள மறந்து இருக்கதுக்குத்தான் போனாரோ என்னவோ. அவங்ககிட்ட ஒரு தடவ கேக்கணும் மக்களே. மண்ணு மூடுமுன்ன கேக்கணும்."

அடக்கம் மாலை மூன்று மணிக்கு. அம்மாவின் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். பாறசாலையில் வண்டி நிற்பதோ ஒரு நிமிடம்.

வண்டி வந்தது. மூன்றாவது பெட்டியின் வாசல் குழாய்க்கு நேராகவே நின்றது; அப்பா சொன்னது மிகையில்லை. உள்ளே கடைசிச் சன்னலருகே, பழைய விளம்பரப் பேனரிலிருந்து வெட்டிய ஒரு துண்டை மூவர் தங்கள் முழங்கால்களின்மேல் இழுத்துப் பிடித்திருந்தார்கள். நான்காவது முனை காலியான சன்னலோர இருக்கையில் கிடந்தது. அதன்மேல் நான்கு சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"எங்க அப்பாகூடச் சீட்டு வெளையாடுதது நீங்க..." என்று அவள் தொடங்குவதற்குள், பின்னால் ஏறிய கூட்டம் அவளை உள்ளே தள்ளியது.

நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவர்தான் குழித்துறை. "பாறசாலைக்க மகளா? மூக்கு அதேதான்."

"அப்பா எங்க மக்களே? ஏலம் விளிக்க ஆளில்லாம கை அப்பிடியே நிக்குது," என்றார், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிய குள்ளமான மனிதர். அது இரணியல்.

"தூக்கு வந்தாச்சு, ஆளு வரல்ல," என்றான் மூவரில் இளையவன். "நமக்கு லாபம்தான். பங்கு கூடும்."

"பள்ளியாடி, நீ வாய மூடு. இரி மக்களே, அது அப்பாக்க இடம்தான்," என்றார் குழித்துறை.

வண்டி நகர்ந்துவிட்டது. இறங்க வழியில்லை. அவள் சீட்டுகளை நகர்த்தாமல் இருக்கையின் விளிம்பில் அமர்ந்தாள். மூன்று முகங்களும் ஒரு நல்ல சேதியை எதிர்பார்ப்பவை போல அவளைப் பார்த்தன. எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் அவள் சொன்னாள்.

"அப்பா வீட்டுல..."

"வீடு," என்றான் பள்ளியாடி, மகிழ்ச்சியோடு. "சொல்லியாச்சு."

குழித்துறை ஏற்கெனவே சட்டைப் பையில் கையை விட்டிருந்தார். துணி காயப்போடும் நீலநிறக் கிளிப் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "நெயமம் எல்லாருக்கும் ஒண்ணுதான் கேட்டியா. இங்க வந்து வீட்டப் பேசினா குணுக்கு. எறங்குத வர காதுல கெடக்கணும்."

சீட்டில் தோற்றவன் காதில் குணுக்கு மாட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். பலா இலையோ, காகிதச் சுருளோ, கையில் கிடைத்தது எதுவானாலும் குணுக்குத்தான். இவர்கள் மட்டும் தோற்றவனை விட்டுவிட்டு, வீட்டைப் பேசியவனுக்கு அதை ஒதுக்கியிருந்தார்கள்.

"அப்பாக்க சாதனம்தான் அது," என்றார் இரணியல். "மகளுக்குக் கிட்டுததுதானே முறை."

ஜெயஷீலா கிளிப்பைத் திறந்து சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தாள். எடுத்தபோது விரலில் பட்டாணி அளவில் ஒரு சிவப்பு விழுந்திருந்தது. எந்நாளும் ஒரே இடத்தில் கடிக்கும் கொசு. அவளை அறியாமல் ஒரு சிரிப்பு வந்தது. அன்று காலை முதல் அவளுக்கு அழுகைகூட வந்திருக்கவில்லை. அவள் சிரிப்பதைக் கண்டு அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அப்பா வெளுப்பாங்காலம் மரிச்சுப்போச்சு," என்றாள். "நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவ நேரம் கிட்டல்ல. மூணு மணிக்கு அடக்கம். அம்மைக்கு உங்களக் காணணுமாம்."

தனுவச்சபுரத்தில் ஏறியவர்கள் இடம் தேடி வந்து, அந்த மூவரின் முகங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் நகர்ந்தார்கள். பிறகு குழித்துறை சீட்டுகளைச் சேர்க்கத் தொடங்கினார். தன்னுடையதை, இரணியலுடையதை, பள்ளியாடியுடையதை. சன்னலோரத்துச் சீட்டுகள் நான்கையும் கடைசியாக எடுத்தார். அவை என்னவென்று திருப்பிப் பார்க்கவில்லை. கட்டின்மேல் கவிழ்த்தபடியே வைத்து ரப்பர் வளையம் போட்டார். அவள் நீட்டிய கிளிப்பை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பள்ளியாடி எழுந்து வாசலருகே சென்று அலுவலகத்துக்கு மலையாளத்தில் பேசினான். "சார், இன்னு வராம் பற்றில்ல. ஒரு மரணம்." மறுமுனை ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவன் காலியான சன்னலோர இருக்கையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "சொந்தத்தில் உள்ளதுதான் சார்."

நெய்யாற்றின்கரையில் நால்வரும் இறங்கினார்கள். பாறசாலைக்குத் திரும்பும் பேருந்துக்காகக் காத்து நின்ற இடத்தில் அம்மூவரும் தங்களுக்குள் எவ்வளவு தூரம் விட்டு நிற்பதென்று தெரியாதவர்களாகத் தடுமாறினார்கள். முழங்கால்கள் தொட, ஒரே துணியைத் தாங்கி உட்கார்ந்து பழகியவர்கள். திறந்த வெயிலில் ஒருவருக்கொருவர் அறிமுகமாகாதவர்கள் போலிருந்தார்கள்.

"இது எங்களுக்குள்ளதா?" என்று தூக்கைக் காட்டிக் கேட்டார் இரணியல்.

அவள் தலையசைத்தாள். நின்றபடியே சாப்பிட்டார்கள். அப்பம் மெத்தென்று, லேசான கள்ளின் புளிப்போடு இருந்தது. நான்காவது பங்கைக் குழித்துறை அவளிடம் நீட்டினார். பசியை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். தின்று முடித்து, கடைக்குழாயில் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டாள்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுவிட்டிருந்தார்கள். அஜீஷ் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். கூடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் அப்பா வெள்ளைச் சட்டையில் கிடந்தார். கிழக்கேகோட்டைக் கடையொன்றில் மகள் எடுத்துக் கொடுத்து, விசேஷத்துக்கு ஆகட்டுமென்று அவர் உடுத்தாமல் வைத்திருந்த சட்டை. போதகர் தலைமாட்டில் அமர்ந்து பாமாலைப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அவர்கள் யாரென்று அம்மாவுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாங்க," என்றாள். "எம்மட்டு காலமா உங்களுக்குச் சேத்துச் சமைக்கியேன். முகத்த இண்ணைக்குத்தான் காணியேன்."

அவர்கள் பெட்டிக்குள் பார்த்தார்கள். பள்ளியாடி கண்ணாடியின்மேல் விரலை வைத்து, அது குளிர்ந்திருந்ததில் திடுக்கிட்டவனாக எடுத்துக்கொண்டான். அப்பாவின் இடது காது அவர்கள் நின்ற பக்கம்தான் இருந்தது. இரணியல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா நேரே கேட்டுவிட்டாள். "எனக்கு ஒண்ணு தெரியணும். வண்டியில அவரு நம்மளப் பத்தி வல்லதும் பேசுவாரா? ஒரு தடவையாவது?"

"இப்பமா ரத்னா இதக் கேக்கிய?" என்று சுவரோரம் இருந்த அத்தை முணுமுணுத்தாள்.

மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைத் தவறாகப் புரிந்துகொண்ட அம்மாவின் முகம் மெல்லத் தாழ்ந்தது. ஜெயஷீலா வாயைத் திறந்தாள். ஆனால் அவளிடம் இருந்தது ஒரு சிவந்த விரல் மட்டும்தான். அவள் குழித்துறையைப் பார்த்தாள். அவருடைய கை சட்டைப் பையில் இருந்தது. அவர் மற்ற இருவரையும் அனுமதி கேட்பவர் போலப் பார்த்தார். இரணியல் தலையசைத்தார்.

கிளிப்பை வெளியே எடுத்து, கூடம் நிறைந்த உறவினரும் போதகரும் பார்த்திருக்க, அவர் தன் இடது காதில் மாட்டிக்கொண்டார்.

"இதென்ன கூத்து," என்றாள் அத்தை.

"எம்பேரு சற்குணம்," என்றார் அவர். "இவங்க ரெண்டு பேருக்கும் இது தெரியாது. வண்டியில வீட்டப் பேசினா தெண்டம் இந்தக் குணுக்கு. உங்க வீட்டுக்காரரு பேசினதுக்குப் பெறவு மாட்டுத ஆளு இல்ல. ஏறி இருந்ததும் அவரே கேட்டு வாங்கி மாட்டிக்குவாரு. தெண்டம் கெட்டியாச்சு, இனிப் பேசலாம்லான்னு சொல்லுவாரு. தொடங்கினா திருவனந்தரம் வர நிக்காது."

அம்மா நிமிர்ந்தாள்.

"நீங்க உறக்கத்துல பாமாலை பாடுவியளாம். ரெண்டாவது வரி மட்டும் எந்நாளும் மாறிப்போவுமாம். உங்க பய அஜீஷ் பைக்க வாங்கிட்டு மொதல்ல விழுந்தத உங்களுக்குத் தெரியாம ஒளிச்சதும் எங்களுக்குத் தெரியும். மாங்கா போட்ட மீன்கறின்னா அண்ணைக்குச் சீட்டே ஓடாது. பெறவு இந்தப் பிள்ள சொன்ன ஃப்ளாட்டு. சன்னலத் தொறந்தா வண்டிச் சத்தம் கேக்குமா, ரத்னாக்கு உறக்கம் கெடுமான்னு ரெண்டு வாரமா எங்க உயிர எடுத்தாரு. கழக்கூட்டத்துல ரயில் பாத கிட்டத்தான், உறக்கம் போவும்னு நான்தான் சொன்னேன். ஆனாலும் ஒரு மாசம் கழிச்சு வீட்டுல சரின்னு சொல்லுவோம்னாரு. எங்கள விட்டுட்டுப் போவ மனசு வரணும்லா."

"உறக்கத்துலயா?" என்றாள் அம்மா. குரலில் வெட்கம் போன்ற ஏதோ ஒன்று இருந்தது. "நான் பாடுவேனா?"

"பாடுவியளாம்."

அவள் அருகிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "இரிங்க. இன்னும் என்ன சொன்னாரு?"

சற்குணம் உட்கார்ந்தார். மற்ற இருவரும் அவருக்கு இருபுறமும், வண்டியில் போலவே, முழங்கால்கள் இடிக்க அமர்ந்தார்கள்.

"எனக்க வீட்டுல நான் ஒத்தைக்குத்தான்," என்றார் அவர், அன்றைய வெயிலைப் பற்றிச் சொல்பவர் போல. "பேச ஒண்ணும் இல்லாததுனால உண்டாக்கின நெயமம் இது. அவரு பேசிப் பேசி எனக்கு உங்க வீட்டு அடுக்களையில உப்பு எங்க இருக்குன்னு தெரியும்."

"எங்க?" என்றாள் அம்மா.

"சன்னல்ப் படியில, உடைஞ்ச சாடியில."

அம்மா திரும்பி அடுக்களையின் பக்கம் பார்த்தாள். போதகர் பாமாலைப் புத்தகத்துக்குள் ஒரு விரலை வைத்து மூடிக்கொண்டு காத்திருந்தார். சற்குணம் பேசிக்கொண்டே இருந்தார். நீலக் கிளிப்பின் அடியில் அவருடைய காது மடல் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.